வாசல் வரை வந்த துணையாள்

எனக்கு ஒரு யோசனை வந்தால் அதை உடனே தாளில் கட்டம் கட்டிப் போடாவிட்டால் கை அரிக்கும். இந்த யோசனை வந்தது கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில், ஒரு சிங்கள வைத்தியரின் வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது.

அம்மாவுக்கு நரம்பு வருத்தம். அந்த வைத்தியர் கொடுக்கும் கஞ்சா சேர்த்த லேகியம் சாப்பிட்டால்தான் நித்திரை. (ஆம், கஞ்சாதான், அரச அனுமதியோடு. ஓய்வுபெற்ற ஆசிரியையான அம்மா அந்தச் சொல்லை உச்சரிக்க மாட்டார். "அந்த இலை" என்பார்.)

"மகள், இனி சும்மா குடுக்க ஏலாது" என்றார் வைத்தியர். "நோயாளி பேர், மருந்து எடுக்க வாற துணையாள் பேர், ரெண்டும் பதியணும். வெள்ளிக்கிழமை லிஸ்ட் அரசாங்கத்துக்குப் போகாட்டி இலை வராது. தமிழ் ஆக்கள்கிட்ட யார் போறது?"

"நான் போறன்!"

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். யாராவது தும்மினாலும் நான் போறன் என்பேன்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே படிவம், அந்த யுத்த நாட்களில் தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸுக்கு நிரப்பிக் கொடுக்கும் படிவத்தின் பிரதி. அதைப் பார்த்து அப்படியே கீறினேன்: நோயாளி பெயர், துணையாள் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், கண்டிக்கு வந்த காரணம். (கடைசிக் கட்டம் எதற்கு என்று யோசிக்கவில்லை. வரிசை அழகாக இருந்தது.)

முதலில் மளிகைக் கடை முதலாளி வீடு. தாளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க தங்கச்சி. நம்ம வீட்ல நாலே பேருங்க. எல்லார்கிட்டயும் ஐசி அட்டை இருக்கு."

"நோயாளி பேர்தான் வேணும், முதலாளி."

"நோயாளியா? இங்க யாருமே இல்லீங்க!"

உள்ளறையில் அவருடைய அப்பா, "ஐயோ, இடுப்பு!" என்றார்.

"அது ரேடியோ" என்றார் முதலாளி.

அடுத்த வீட்டில், ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லப்பட்டவர் அலுமாரிக்குப் பின்னால் இருமினார். மாலைக்குள் அந்தத் தெருவில் நோயே ஒழிந்துவிட்டது.

மிஞ்சியவர் அம்மா. படிவத்தைக் கொடுத்தேன். துணையாள் கட்டத்தில் அண்ணாவின் பெயரை எழுதினார்.

அண்ணாவைப் பொலிஸ் இரண்டாம் தடவையும் விசாரணைக்குக் கொண்டுபோய் விடுவித்த பிறகு கனடாவுக்கு அனுப்பிவிட்டோம். பொலிஸ் படிவத்தில் அவருடைய பெயரைக் கோடு கீறி வெட்டியதும் அம்மாதான். இப்போது அதே மாதிரி ஒரு கட்டம் வெறுமையாகக் கிடைத்திருக்கிறது.

"அம்மா, அண்ணா எப்பிடி மருந்து எடுக்க வாறது?"

"பேர் இருக்கட்டும். வருவான்."

"கிழமைக்கு ஒருக்கா பஸ்ஸில தொங்கிக்கொண்டு போறது நான்!"

"நீ இஞ்சதானே நிக்கிறாய், பிள்ளை. உனக்கென்னத்துக்குப் பேர்?"

என்னால் அழிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வைத்தியர் ஒற்றை நோயாளி லிஸ்ட்டை வாசித்தார். துணையாள் எங்கே என்று கேட்டார், சொன்னேன்.

"கனடா பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு நோயாளிக்கு மட்டும் இலை தரமாட்டாங்க. திங்கள் வரைக்கும் நேரம் கேக்கிறன். அதுவரைக்கும் அம்மாவுக்கு மிச்ச லேகியம் போதும்" என்றார்.

இன்றைக்கும் வீட்டில் எழுந்துபோய்க் கதவு திறக்கச் சோம்பல் என்றால், "துணையாள் வரட்டும், கனடா பஸ் பிந்திப்போச்சு" என்பார்கள். அம்மாவும் சிரிப்பார். சிரித்தபடியே வாசலை ஒருதரம் பார்ப்பார்.

அன்று திரும்பும் பஸ்ஸிலேயே, வைத்தியர் திருப்பித் தந்த தாளில் அண்ணாவின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், என் பெயரை எழுதினேன். பிறகு புதுத் தாள் எடுத்தேன். கட்டமே போடவில்லை. "எங்கே நோகிறது?" என்று மட்டும் எழுதினேன். மறுநாள் காலையில் முதலில் முதலாளி வீட்டு ரேடியோவைப் போய்க் கேட்க வேண்டியிருந்தது.