இன்பராஜின் இரண்டு கிலோ

கேழ்வரகுக் கஞ்சியை ஒழித்துக்கட்டுவது, அதையும் விஞ்ஞான முறைப்படி ஒழித்துக்கட்டுவது என்று இன்பராஜ் முடிவெடுத்துவிட்டார்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், தோலின் எடை பார்த்து அதற்கேற்ற ரசாயனத்தை நிறுத்துப் போடுவது அவர் வேலை. ஊர் ஆட்டுத்தோலையெல்லாம் அவர் எடை போட்டார். வீட்டில் அவரை மனைவி ஜாஸ்மின் எடை போட்டாள். 'உடம்பைக் குறைக்கணும்' என்று டாக்டர் சொன்னதிலிருந்து மூன்று வேளையும் கஞ்சி. அப்படியும் இன்று காலை எடை மெஷின், போன மாதத்தைவிட இரண்டு கிலோ ஜாஸ்தி காட்டியது. இனிமேல் கஞ்சியும் பாதிதான் என்று தீர்ப்பாகிவிட்டது.

இன்பராஜ் சமையலறைத் தராசின்மேல் ஒரு பாட்டிலை வைத்தார். உள்ளே வினிகர். பாட்டில் வாயில் இறுக்கிக் கட்டிய பலூன். பலூனுக்குள் ஆப்ப சோடா.

"இன்னாங்க, யாருக்குப் பொறந்தநாளு?"

"பேசாம நம்பரைப் பாரு."

பலூனைத் தூக்கிச் சோடாவை உள்ளே கொட்டினார். நுரை பொங்கியது. பலூன், கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை உட்கார்ந்தவர் வயிறு மாதிரி உப்பியது.

"எடை ஏறிச்சா?"

"இல்ல."

"எறங்குச்சா?"

"அதுவும் இல்ல."

"இதான் பொருண்மை அழியா விதி. உள்ள இன்னா கூத்து நடந்தாலும் எடை மாறாது. கஞ்சி குடிச்சாலும் சரி, குடிக்காட்டியும் சரி, இருக்கிறது எங்கியும் போவாது. அப்புறம் எதுக்குக் கஞ்சி?"

ஜாஸ்மின் பலூனை விரலால் குத்திப் பார்த்தாள்.

"எங்கியும் போவாது, சரி. தானா வருமா?"

"எப்படி வரும்? வெளியிலேர்ந்து போட்டாத்தான் ஏறும். சும்மா ஒரு கிராம்கூட ஏறாது."

"நான் போட்டது கஞ்சிதான். அந்த ரெண்டு கிலோவ யாரு போட்டாங்க?"

இன்பராஜுக்கு வியர்த்தது. "தண்ணியா இருக்கும்."

"தண்ணி மட்டும் உள்ளியே ஊறுதா?"

"அப்ப காத்து."

"இத்தாம் பெரிசு பலூன் ஊதியும் நம்பர் அசையலியேங்க. மதியானம் உங்க கம்பெனி ஹபீப் பாய்கூட ஹோட்டலுக்குப் போறீங்க. ரெண்டு கிலோவும் பிரியாணிதான்."

வாழ்நாளெல்லாம் நிறுத்துப் பழகிய மனிதர். எதையும் பொறுப்பார், தப்பு எடையை மட்டும் பொறுக்கமாட்டார்.

"வாய்க்கு வந்ததைப் பேசாத. அரை பிளேட் பிரியாணி எப்படி ரெண்டு கிலோ ஆவும்? விதியே ஒத்துக்காது."

"ஒத்துக்காதுதான்" என்றாள் ஜாஸ்மின். "எத்தினி அரை பிளேட்டுன்னு அந்த விதியையே கேட்டுச் சொல்லுங்க."