மணிக்கூட்டைத் திருப்பி அண்ணரைத் தவறவிட்டது பற்றி மச்சானுக்கு

எடிசன், நியூ ஜேர்சி
4.4.1999, உயிர்த்த ஞாயிறு, பிற்பகல்

அன்பின் மச்சான் செல்வரத்தினத்துக்கு,

கர்த்தருடைய கிருபையால் நீரும் பிள்ளைகளும் வெள்ளவத்தையில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தை எழுதுவதென்றால், உமது அக்கா நேசமலருக்கு முழங்கால் நோ முன்போலத்தான்; மகன் சயந்தனும் மருமகள் துவாரகாவும் வேலையும் வீடுமாக ஓடுகிறார்கள்; நான் மூச்சு விடுகிறேன். அதற்கு மேல் என்னைப் பற்றி எழுத இன்றைக்கு ஒன்றுமில்லை.

காரியம் கெட்டுப்போச்சு. பதினொரு வருசமாகப் பேசாத இரண்டு கிழவர்களை ஒரு விமான நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலம் சந்திக்க வைக்க நீர் எத்தனை தரம் ரொறன்ரோவில் இருக்கிற அண்ணருக்கும் எனக்கும் ரெலிபோன் எடுத்தீர் என்பதை மறக்கவில்லை. அண்ணர் போய்விட்டார். நான் அவரைக் காணவில்லை. இந்தக் கடிதம் உமது கைக்கு வரப் பத்து நாள் எடுக்கும், அதற்குள் அவர் கொழும்பில் வந்திறங்கி என்னைப் பற்றிச் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருப்பார். ரெலிபோனில் உம்மோடு பேச எனக்கு முகமில்லை. ஆகவே நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அவருக்கு வாசித்துக் காட்டும்.

பழைய கதை உமக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். எண்பத்தெட்டில் தெல்லிப்பழைக் காணியைப் பிரிக்கிறபோது, நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருசம் அளவுச் சங்கிலி பிடித்தவன் என்ற பெருமையில், அளக்க வேறு ஆள் வேண்டாம் என்று நானே இறங்கினேன். அண்ணருடைய வேலி பதினாலு அங்குலம் என்ரை பக்கம் வந்திருக்கிறது என்று நாலு பேர் கூடின சபையிலே சொன்னேன். அளவு சரி. சொன்ன விதம் சரியில்லை என்று நேசமலர் அன்றைக்கே சொன்னாள். இன்றைக்கு அந்த வேலியுமில்லை, வீடுமில்லை, காணி முழுக்க ஆமியின் முகாமுக்குள்ளே. நாங்கள் இரண்டு பேரும் ஒருவன் கனடாவிலும் மற்றவன் அமெரிக்காவிலும் பிள்ளைகளின் வீட்டு அறைகளில் இருந்துகொண்டு அந்தப் பதினாலு அங்குலத்தை விடாமல் பிடித்திருந்தோம். குளிர் தாங்காமல் அண்ணர் கொழும்புக்கே திரும்பிப் போகிறார், நியூவார்க்கில் எட்டு மணிக்கு இறங்கி ஒன்பதரைக்கு லண்டன் விமானம் ஏறுவார் என்று நீர் சொன்ன நாள் தொட்டு, "அது உங்கடைதான் அண்ணை, நான் சும்மா கதைச்சிட்டன்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். நேசமலர் கதவுக்கு வெளியே நின்று, "இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ, திரும்பவும் சண்டைக்குப் போற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

இனி இந்த மணிக்கூட்டுக் கதை. இந்த நாட்டில் சித்திரை பிறக்கிற முன்னம் ஒருநாள் எல்லாரும் நேரத்தை ஒரு மணித்தியாலம் மாற்றுவார்கள். வெயிலை மிச்சம் பிடிக்கவாம். நேற்று ஓக் ட்ரீ ரோட்டில் நடக்கப் போனபோது ஜம்புநாதன் வந்தார். அவர் திருச்சிக்காரர், மகன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம், எனக்கு இங்கே இருக்கிற ஒரே சிநேகிதர். நான் கேட்டேன், இந்த மணித்தியாலத்தைக் கூட்டுகிறதா, கழிக்கிறதா என்று. "பின்னாடி தள்ளணும் சார். என் பையன் ஒரு இங்கிலீஷ் சொலவடை சொன்னான், அதுல பேக்னு வருது. முழுசா ஞாபகம் இல்ல. ஆனா பேக் உறுதி" என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். மிச்சம் பிடிக்கிறதென்றால் இருப்பதிலே கொஞ்சத்தை எடுத்து வைக்கிறது, ஆகவே கழித்தல். கணக்குச் சரியாகப்பட்டது. வீட்டுக்கு வந்து கைக்கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவிட்டுப் படுத்தேன்.

விடிய எழும்பினால் வீட்டில் ஒருவருமில்லை. சயந்தன், இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கிறபோது கம்ப்யூட்டர்களுக்குத் திகதி குழம்பும் என்று அதைத் திருத்துகிற வேலைக்கு மன்ஹாட்டன் போய்விட்டான். துவாரகா ஆஸ்பத்திரியில் இராத்திரி வேலை முடித்து வந்த கையோடு நேசமலரை ஏற்றிக்கொண்டு தேவாலயத்துக்குப் போய்விட்டாள். குசினி மணிக்கூட்டைப் பார்த்தால் என்ரை கைக்கடிகாரத்தைவிட இரண்டு மணித்தியாலம் கூடக் காட்டுகிறது. ஐயோ பாவம், நித்திரைக் கலக்கத்தில் பிள்ளை பிழையாகத் திருப்பிவிட்டாளே என்று நினைத்து, கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அதைத் திருத்தினேன். பிறகு விறாந்தை மணிக்கூடு, பிள்ளைகளின் அறை மணிக்கூடு, அடுப்பில் இருக்கிறது, ஒன்றையும் விடவில்லை. கைக்கு எட்டாதது ஒன்றுதான், அதையும் தும்புத்தடியால் கழற்றிச் சரிப்படுத்தினேன். அதற்குப் பிறகு, நேரம் நிறையக் கிடக்கிறது என்று ஆறுதலாகச் சவரம் செய்து, கோட்டுப் போட்டு, தேத்தண்ணி குடித்து, டாக்ஸிக்குச் சொன்னேன்.

விமான நிலையத்தில் என்ரை கடிகாரத்தில் எட்டாக இன்னும் பத்து நிமிசம். சுவரிலே பத்தாகப் பத்து நிமிசம். இவர்களும் பிழையாக வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன், மச்சான். லண்டன் விமானத்தின் வாசலுக்கு முன்னாலே உட்கார்ந்து, ரொறன்ரோவிலிருந்து வருகிற ஒவ்வொரு கிழவனையும் பார்த்தேன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அங்கே நின்ற பெண்பிள்ளையிடம் போய் லண்டன் விமானத்துக்கு எப்போது ஆட்களை ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். அது போய் முக்கால் மணித்தியாலமாகிறது என்றாள். என்ரை தமையன் அதில் ஏறினாரா என்று கேட்டேன். பயணிகளின் பெயர் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை என்று பணிவாகச் சொன்னாள். ஏறாமல் என்ன செய்வார். ஒன்றரை மணித்தியாலம் அந்தக் கதிரைகளில் ஒன்றில் தனியே இருந்து, இவன் வரவில்லை, இவன் இன்னும் அதே ஆள்தான் என்று நினைத்துக்கொண்டு ஏறியிருப்பார். எந்தக் கதிரை என்று தெரியவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்று எல்லாக் கதிரைகளையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஒருவரிடமும் பேசாமல் அறைக்குள் படுத்துவிட்டேன். அதோடு முடிந்ததா. துவாரகா தேவாலயத்தால் வந்து, "மாமி, பதினொண்டுக்கு எழுப்பிவிடுங்கோ, எழும்பிச் சமைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் படுக்க, குசினி மணிக்கூடு ஒன்பது காட்டுகிறதே என்று நேசமலரும் காலை நீட்டிப் படுத்துவிட்டாள். பத்தரைக்கு வாசல் மணி அடித்தது, நானும் எழும்பி வந்தேன். வாசலில் போதகரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும், கையில் பூவோடு, நாங்கள் அழைத்திருந்த மத்தியானச் சாப்பாட்டுக்கு. உண்மையில் பன்னிரண்டரை. கோழி இன்னும் ஐஸ் பெட்டிக்குள் கல்லாகக் கிடக்கிறது.

"இந்த மணிக்கூட்டிலை கை வைச்சது ஆர்?" என்றாள் நேசமலர்.

"நான் முன்னுக்குத்தானே வைச்சனான் மாமா," என்றாள் துவாரகா. "இப்ப முன்னுக்கு. பின்னுக்குத் திருப்பிறது ஒக்டோபரிலை."

போதகர் பாணும் ஜாமும் சாப்பிட்டு, நேரத்தின் அருமை பற்றி ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். சயந்தன் வந்து கேள்விப்பட்டு, "அப்பா, உலகத்திலை உள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் நேரம் பிழைக்கக்கூடாதெண்டு நாங்கள் ராப்பகலா நிக்கிறம், நீங்கள் எங்கடை அடுப்பைக் குழப்பிப்போட்டியள்" என்றான். ஜம்புநாதனும் பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்குப் போகிற வான் வண்டியைத் தவறவிட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

உங்களுக்கும் அங்கே அரசாங்கம் மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று மூன்று வருசத்துக்கு முன் ஒரு மணித்தியாலம் கூட்டிப் பிறகு அரையைக் குறைத்தது. வவுனியாவைத் தாண்டி இயக்கம் ஆளுகிற பக்கம் போனால் பழைய நேரம் என்கிறீர். எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த உபத்திரவம் விடவில்லை. இன்றைக்கு எடுத்த மணித்தியாலத்தை ஒக்டோபரில் திருப்பித் தருவார்களாம். எனக்கு எழுபத்தொன்று, அண்ணருக்கு எழுபத்தாறு, ஒக்டோபரில் எங்களுக்கு எதைத் திருப்பித் தருவார்கள்? இந்த வழக்கத்தை உடனே நிறுத்தவேண்டுமென்று இங்குள்ள பத்திரிகைக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், நாளைக்கு ஜம்புநாதனிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புவேன். நீர் அண்ணரிடம் சொல்லும், நான் வந்தேன், பிந்தித்தான் வந்தேன், என்ரை மடைத்தனத்தால் வந்த பிழை, மன்னிக்கச் சொல்லும். மன்னிக்காவிட்டாலும் வாசித்துக் காட்டும்.

உயிர்த்தெழுந்தவருடைய சமாதானம் உமது வீட்டில் தங்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
அத்தான் ஜெபநாயகம்

பி.கு.: பின்னேரம் ஆறரை, புதிய நேரம். ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் அண்ணரே ரெலிபோன் எடுத்தார். அண்ணர் ரொறன்ரோவை விட்டு வெளிக்கிடவேயில்லை. மணிக்கூட்டை மாற்றச் சொல்லி மகள் நேற்றே சொன்னாளாம், இவர் "ஆர் சொன்னாலும் என்ரை மணிக்கூடு ஆடாது" என்று விட்டுவிட்டாராம். விமான நிலையத்துக்குப் போய்ச்சேர அவருடைய விமானம் போய்விட்டது. என்னோடு கதைக்கப் பயந்து பின்னேரம் வரைக்கும் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தாராம். "தம்பி, என்னைப் பாத்துப் பாத்து நிண்டிருப்பாய், என்ன?" என்றார். பதினொரு வருசத்துக்குப் பிறகு அந்தக் குரல். "ஓம் அண்ணை. ஏழரைக்கே வந்து நிண்டனான்" என்றேன். "என்னிலைதான் பிழை" என்றார். அவர் வாயிலிருந்து இந்த வசனத்தை என் ஆயுளில் கேட்டதில்லை. நேசமலர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், உயிர்த்த ஞாயிறிலே பொய்யா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள். வியாழக்கிழமை அதே விமானத்தில் வருகிறார். ஆகவே மேலே எழுதியதை அவருக்குக் காட்டவேண்டாம், நீர் வாசித்ததும் கிழித்துப்போடும். பத்திரிகைக் கடிதத்தை நான் கிழித்துவிட்டேன், அவர்கள் விரும்பினால் மாதம் ஒருதரம் மாற்றட்டும். அண்ணர் அங்கே வந்து எப்போதாவது கேட்டால், ஏழரை என்று நீரும் சொல்லும்.