நரி நெருங்கும் சத்தம்

“உன் நரியைப் பார்த்தா எனக்குக் கொட்டாவி வருது, டெஸ்மண்ட்,” என்றார் தயாரிப்பாளர் ஹியூகோ, தொலைபேசியில். “சாயங்காலத்துக்குள்ள பயம் வர வை. இல்லன்னா அடுத்த படத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்.”

டெஸ்மண்ட், பிரிஸ்டலில் விலங்கு ஆவணப்படங்களுக்குச் சத்தம் சேர்க்கிறவன். கேமரா தூரத்திலிருந்து ஊமையாகப் பிடித்து வரும். காலடி, மூச்சு எல்லாம் அவன் வீட்டில்தான் பிறக்கும். இந்த நரி நிஜத்தில் ஒரு முள்ளெலியை ஒருமுறை முகர்ந்துவிட்டு, வேறு வேலை நினைவுக்கு வந்ததுபோல் போய்விட்டது. எடிட்டர் அதன் கண்ணையும் ஆடுகிற புல்லையும் மாற்றி மாற்றி நெருக்கத்தில் ஒட்டி, “மிச்சம் உன் பாடு” என்று அனுப்பியிருந்தார்.

முதலில் சுள்ளி முறிய வேண்டும். செலரித் தண்டை மைக் முன்னால் மெதுவாக முறித்தான்.

“அது ராத்திரி சூப்புக்கு வெச்சது,” என்றாள் மனைவி மார்னி.

“இப்ப அது காடு.”

“அப்ப ராத்திரி காட்டையே குடி.”

காடு வந்தது, பயம் வரவில்லை. முள்ளெலியின் நெஞ்சு படபடப்புக்காகச் சோபாத் தலையணையைக் குத்தினான். சுவரில் இருந்த மாமியார் படம் விழுந்தது. சத்தம் நன்றாக இருந்ததால் அதையும் சேர்த்துக்கொண்டான்.

“பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவரு! மிஸஸ் டிப்பெட்டுக்குக் கேக்கும். போன படத்துல நீ போட்ட திமிங்கலச் சத்தத்துக்கே சண்டைக்கு வந்தாங்க,” என்றாள் மார்னி.

சத்தம் வெளியே போகாமலிருக்கக் குளியலறைக்குள் போனான். அங்கே அவன் மூச்சு விட்டால் வீடே மூச்சு விட்டது. நரி கரடியளவு வளர்ந்துவிட்டது. அதைச் சிறிதாக்க, கையுறை விரல்களில் காகித ஊக்குகளை ஒட்டி, தரையில் நகம் நகமாக நடத்தினான். நெருங்க நெருங்க அவனுக்கே முதுகு சில்லிட்டது. அப்போதுதான் உறைத்தது: உச்சத்தில் சத்தமே இருக்கக்கூடாது. மூச்சு, நெஞ்சு, நகம் எல்லாவற்றையும் ஒரே வெட்டில் நிறுத்தினான்.

மௌனம்.

கையுறையைக்கூடக் கழற்றாமல், ஹெட்போனில் அரை மணி நேரம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஒரு இளம் போலீஸ்காரர். “பக்கத்து வீட்டம்மா போன் பண்ணாங்க சார்.”

டெஸ்மண்ட் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஒரு நகம் டங்கென்று விழுந்தது.

“நான் அப்பவே சொன்னேன்,” என்றாள் மார்னி, உள்ளேயிருந்து.

“மன்னிச்சிடுங்க. எல்லாத்தையும் நிறுத்திட்டேன். இனிமே சின்னச் சத்தம்கூட வராது.”

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

“அதான் சார் புகாரே! பாதியில நின்னுடுச்சாம், அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம அந்தம்மாவால டீயே குடிக்க முடியலையாம்.”