அத்திமரத்துக்கு வருஷாவருஷம் அடக்கம்

இந்த வருஷம் அந்த அத்திமரத்தைப் புதைக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மரம் செத்தாலும் சரி, நான் செத்தாலும் சரி.

கோபப்படாமல் சொல்லத்தான் பார்க்கிறேன். முடியவில்லை. எங்கள் ஊர் நமங்கானில் பனி விழுவதற்கு முன்னால் அத்தியைக் கிளை கிளையாக வளைத்து, கயிறு போட்டு இறுக்கி, பள்ளத்தில் படுக்கவைத்து மண் தள்ளி மூட வேண்டும். குளிர் போனதும் தோண்டி எழுப்ப வேண்டும். மனுஷனுக்கே ஒரு தடவைதான் அடக்கம். இந்த மரத்தை நான் இருபது வருஷமாக அடக்கம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். மாமியார் வீட்டுச் சீதனம் வேறு. பழுத்தால் முதல் கூடை மாமியாருக்கு. இடுப்பு வலி எனக்கு.

இதிலே பெரிய அநியாயம், புதைக்கிற வேலை ஞாயிற்றுக்கிழமைதான் வரும். வாரம் ஆறு நாள் மின்சார அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் திட்டை வாங்கிக்கொள்கிறேன். ஏழாம் நாள் சாய்க்கானா என்கிற தேநீர்க்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு தட்டுப் பலாவ். ஆட்டுக்கறி, மஞ்சள் கேரட், நடுவில் முழுசாக வெந்த பூண்டு. இந்த ஒரு தட்டுக்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன். அதையும் ஒரு மரத்துக்காக விடு என்றால் எவனுக்குத்தான் கோபம் வராது?

இந்த நேரத்தில் ஊர்ப் பூங்காவில் இலையுதிர்காலத் தோட்ட வகுப்பு என்று ஆரம்பித்தார்கள். ஞாயிறு காலையில், இலவசமாக. ரோஜாவைப் போர்த்துவது, டுலிப் கிழங்கு நடுவது, திராட்சைக் கொடியையும் அத்தியையும் புதைப்பது. அந்தப் பூங்காக்காரர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாதா?

“நான் சேரட்டுமா?” என்றாள் என் மனைவி. அவள் பெயர் சல்தனத். ஆட்சி என்று அர்த்தம். தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

“பொம்பளை போய் மண்வெட்டி பிடிக்கிறதா? இந்தத் துர்சுனலி உயிரோட இருக்கிறவரைக்கும் நடக்காது!” என்று கத்தினேன். “நான் போறேன். நான் கத்துக்கிட்டு வந்து உனக்குச் சொல்றேன்.”

“நீங்களா? ஞாயித்துக்கிழமையா?”

“ஆமா. குடும்பத்துக்காக எதையும் தியாகம் பண்றவன் நான்.”

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஞாயிறும் எனக்கு, நல்ல பேரும் எனக்கு. ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பூங்கா பக்கமாக நடந்தேன். பூங்காவுக்கு எதிரிலேயே சாய்க்கானா. பக்கத்து வீட்டு உபைதுல்லா எனக்கு முன்னாலேயே கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் வாய்க்கால் ஓரத்தில் இறங்கி பூட்ஸில் சேறு பூசிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சல்தனத் கேட்டாள். “என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“அத்தியைப் புதைக்கவே கூடாதாம்.”

“ஐயோ! குளிர்ல பட்டுப்போயிடுமே!”

“அதெல்லாம் பழைய காலத்து மூடநம்பிக்கை. புதைச்சா மரத்துக்கு மூச்சு முட்டுமாம். சும்மா விட்டாலே போதுமாம்.”

“யாரு சொன்னது?”

“ஆசிரியர்தான். பெரிய படிப்பாளி. இவ்வளவு பெரிய தாடி.”

“தாடி வெள்ளையா, கறுப்பா?”

“அது எதுக்கு உனக்கு?”

“சும்மாதான் கேட்டேன்,” என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறும் நான் வகுப்புக்குப் போனேன். அவளும் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். திரும்பி வந்தபோது அவள் நகத்தில் மண். தங்கை வீட்டில் உருளைக்கிழங்கு தோண்டினாளாம். தோண்டட்டும், எனக்கென்ன.

“இன்னிக்கு என்ன பாடம்?”

“டுலிப் கிழங்கு.”

“எப்படி நடணுமாம்?”

“குழியில.”

“முனை மேல பாக்கணுமா, கீழ பாக்கணுமா?”

மாட்டிக்கொண்டேன். “அதைக் கிழங்கோட விருப்பத்துக்கு விடணும்னு சொன்னாரு.”

“தாடிக்காரரா?”

“அவரேதான்.”

“பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றாள். “அத்தியையும் இந்த வருஷம் புதைக்க வேண்டாம். ஆசிரியர் பேச்சை மீறக் கூடாது.”

இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து ‘சரி’ வந்தது அதுவே முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பலாவ் கண்ணை மறைத்துவிட்டது.

கடைசி வகுப்பு நாள். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன், வெற்றி விழா. பூட்ஸில் வழக்கத்தைவிட நிறையச் சேறு பூசிக்கொண்டு, உபைதுல்லாவையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசல் கதவு திறந்து கிடந்தது. முற்றம் முழுக்க ஜனம். ஆளுக்கொரு மண்வெட்டி. ஓரத்தில் என் வீட்டுக் கொப்பரை அடுப்பில் இருந்தது. எட்டிப் பார்த்தேன். பலாவ் தீர்ந்து அடி மட்டும் கறுத்துக் கிடந்தது. என் காசில் வாங்கிய ஆட்டுக்கறி!

“யாரு நீங்க எல்லாம்?” என்று கத்தினேன்.

“வாங்க, நோதிரா அப்பா,” என்று சல்தனத் முன்னால் வந்தாள். பாவாடையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் மண்வெட்டி. “உங்க வகுப்புக்காரங்களை உங்களுக்கே தெரியலையா? இவங்க மஹ்பூசா அக்கா, பூங்காவுல பாடம் எடுக்கிறவங்க. தாடியை எடுத்துட்டாங்க போல.”

மஹ்பூசா என்ற அந்தப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். முற்றமே கொல்லென்று சிரித்தது. எனக்கு உச்சந்தலைவரை பற்றி எரிந்தது.

“உபைதுல்லா, நீயாவது சொல்லு!” என்று திரும்பினேன். அவன் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து அவன் மனைவி மண்வெட்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

“நீங்க என்ன சொல்லப் போறீங்க? உங்கம்மாவுக்கு மருந்து வாங்கத்தானே காலையில போனீங்க?”

அவன் சுவர் ஏறிக் குதித்து ஓடினான். நட்பு என்பது அவ்வளவுதான்.

“என்னை முட்டாளாக்கிட்டியா?” என்று சல்தனத்திடம் பாய்ந்தேன். “தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு நீ வகுப்புக்குப் போனியா?”

“போனேன். நீங்களும் வகுப்புக்குத்தானே போனீங்க? பூங்காவுல ஒவ்வொரு வாரமும் முன்வரிசையில உக்காந்து உங்களைத் தேடுனேன். கண்ணுல படவே இல்லையே.”

பேச்சை மாற்ற மரத்தைப் பார்த்தேன். மரம் இல்லை. அது இருந்த இடத்தில் நீளமான மண்மேடு. மேலே நாணல் பாய், அதன்மேல் இன்னும் கொஞ்சம் மண். கச்சிதமாகப் புதைத்திருந்தார்கள்.

“கடைசிப் பாடத்தை எங்க வீட்லயே வெச்சுக்கலாம்னு கூப்பிட்டேன்,” என்றாள். “எல்லாரும் ஹஷரா வந்து செஞ்சு குடுத்தாங்க.”

ஹஷர் என்றால் அக்கம்பக்கம் கூடிக் கூலி வாங்காமல் செய்து கொடுக்கிற வேலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரம் புதைந்துவிட்டது, என் கை படவில்லை. அடடா! தோற்றது போலத் தெரிந்தாலும் ஜெயித்தது நான்தான். கோபத்தை விழுங்கிக்கொண்டு மார்பில் கை வைத்துக் குனிந்தேன்.

“ரொம்ப நன்றி! எல்லாரும் நல்லா இருக்கணும்! தேநீர் குடிச்சிட்டுக் கிளம்புங்க.”

“கிளம்புறோம், தம்பி,” என்றார் மஹ்பூசா. “அடுத்த ஞாயிறு எங்க வீடு. காலையிலேயே வந்துருங்க. ரெண்டு அத்தி, ஒரு பெரிய திராட்சைக் கொடி.”

“நான் எதுக்கு?”

ஒரு கிழவர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். ஹஷருக்கு வந்தவர்கள் வீட்டுக்கு நாமும் போயாக வேண்டும். போகாதவன் வீட்டில் சாவு விழுந்தால் சவப்பெட்டி தூக்கக்கூட ஆள் வராது. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் ஊரையே கூப்பிட்டிருக்கிறாள், பாவி!

“அதுக்கடுத்த ஞாயிறு நாங்க,” என்றார் கிழவர். “மரம் மூணு.”

“அப்புறம் எங்க வீடு!”

“பனிக்கு முன்னால எங்க வீட்டையும் முடிச்சிரணும், அண்ணே!”

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் தலையாட்டினேன். வேறு வழி? ஆனாலும் ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. ஹஷர் நடக்கிற வீட்டில் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டே ஆக வேண்டும். எல்லோரும் போனபின் சல்தனத்திடம் மெதுவாகக் கேட்டேன்.

“ஒவ்வொரு வீட்லயும் பலாவ்தானே போடுவாங்க?”

“போடாம இருப்பாங்களா? ஆனா நாலு வாரமா சாய்க்கானாவுல சாப்பிட்டு உங்களுக்கு வயிறு கெட்டுப்போயிருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். உங்களுக்கு மட்டும் தனியா பூசணிக்காய் கஞ்சி வெப்பாங்க.”

இன்று நான்காவது வீடு. கஞ்சியில் உப்புகூட இல்லை. அதையும் சொல்லி வைத்திருக்கிறாள்.