முதல் சுற்றிலேயே முப்பத்தாறு

படிப்பை முடித்துவிட்டு எதையும் தொடங்காமல் இருக்கும் பிள்ளைகளில் 'சதவீதக்காரர்' என்றோர் இனம் உண்டு. வேலைக்குப் போனால் என்ன லாபம், போகாவிட்டால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டு, விடை ஒத்துவரும்வரை படுத்திருப்பார்கள். ஆம்பூர்ப் பக்கம் வந்தால் அன்பரசனைப் பாருங்கள்.

மெக்கானிக்கல் முடித்தவன். போக்கர் ஆட்டத்தையே தொழிலாக்கிக்கொள்வதா, ஷூ கம்பெனிக்குப் போவதா என்று ஏழு மாதமாக யோசிக்கிறான். தன் முகத்தில் எதையும் காட்டாமல், எதிராளியின் முகத்தைப் பார்த்தே அவன் கைச்சீட்டைக் கண்டுபிடிக்கிற ஆட்டம் அது. இதுவரை காசு வைத்து ஆடியதில்லை. தோஸ்த் காஷிஃபோடு, ஷூக்கயிறு கோக்கிற பித்தளை வளையங்களை வைத்து ஆடுவான். அதில் அவன் பெரும் பணக்காரன்.

அம்மா பாக்யலட்சுமி அந்த ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகத் தைக்கிறாள். மேனேஜர் முக்தார் அகமதுவிடம் கேட்டு மகனுக்கு ஓர் இன்டர்வியூ வாங்கி வந்தாள்.

"சீட்டாட்டத்த வுட்டுட்டு நாளைக்குப் போய் ஒழுங்கா பதில் சொல்லிட்டு வா."

"சீட்டாட்டம்னு சொல்லாதம்மா. அது மூளைக்கு வேலை."

"அப்ப அந்த மூளையையும் எடுத்துனு போ."

எடுத்துக்கொண்டுதான் போனான்.

"இன்னா படிச்சிருக்க தம்பி?" என்று கேட்டார் முக்தார் அகமது. அன்பரசன் முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. முதல் கேள்விக்கே பதில் சொன்னால் கைச்சீட்டு தெரிந்துவிடாதா? மேனேஜர் மூக்கைச் சொறிந்தார். பயம் என்று குறித்துக்கொண்டான். மேனேஜர் தண்ணீர் குடித்தார். பெரிய பயம்.

"சரி, சர்டிஃபிகேட்ல இருக்கு. பதினெட்டாயிரம் தரலாம். சம்மதமா?"

அரை நிமிடம் அவர் கண்ணையே பார்த்தான். பிறகு, "முப்பத்தாறு" என்றான்.

"யாருக்கு முப்பத்தாறு வயசு?"

"சம்பளம்."

அவர் ஃபைலை மூடினார். "உடம்பு இன்னா பண்ணுது தம்பி? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வெளியே வந்ததும் காஷிஃபுக்கு போன் போட்டான். "சும்மா பயமுறுத்துறாருடா. மூணு நாள்ல அவரே கூப்பிடுவாரு."

"கூப்பிடலன்னா?"

"அதுக்கு சான்ஸ் கம்மி. இருபது சதவீதம்."

மறுநாளே அந்த வேலை குடியாத்தத்திலிருந்து வந்த தமிழினி என்ற பெண்ணுக்குப் போனது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாளாம். அவள் செய்த தந்திரம் அவ்வளவுதான்.

அம்மா ஆறு நாள் பேசவில்லை. ஏழாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "உனுக்காக அவருகிட்ட போய் நின்னேன். இனிமே யாருகிட்ட போய் நிப்பேன்?" என்றாள்.

கோபமா, அழுகையா? அம்மாவின் முகத்தைப் படித்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. இந்த வீட்டில் ஆட்டம் தெரிந்தவள் யார் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் கம்பெனி கேட்டில் மேனேஜர் முன்னால் போய் நின்றான். "பதினெட்டுக்கே வர்றேன் சார்."

"பேக்கிங்லதான் இடம் இருக்கு. பதினாலு."

கையெழுத்துப் போட்டான்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். மச்சானே முதலில் இறங்கி வரட்டும் என்று எட்டு வருஷமாக அவரோடு பேசாமல் இருக்கிறீர்களே, அங்கே உங்கள் கையில் அப்படி என்ன சீட்டு இருக்கிறது?