யாரும் வைக்காத பேர்

"நூத்திப் பதினேழு, நூத்திப் பதினெட்டு..."

நாகராஜ் எண்ணி எண்ணிச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சின்னமனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவனுக்கு எண்ணிக்கை தப்பினால் அவ்வளவுதான், பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும். அன்று காலையில் இது மூன்றாவது தடவை.

"என்னங்க, பேரு என்னாச்சு?"

மனைவி வேல்விழி. பிரசவத்துக்குக் கம்பத்துத் தாய்வீட்டுக்குப் போனவள், பெண் பிறந்து மூன்று மாதமாகியும் அங்கேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை குச்சனூரில், அவன் வீட்டில், பெயர் வைக்கும் விசேஷம். பெயர் முடிவானால்தான் பிள்ளையோடு பஸ் ஏறுவேன் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை தன் வீட்டில் அழுவதை ஒரு நாளாவது கேட்க வேண்டும் என்று நாகராஜுக்கு ஏக்கமாக இருந்தது.

பழைய பெயர்கள்தான் இப்போது புது நாகரிகம் என்று போனில் எதையோ படித்து, வம்பை ஆரம்பித்தவளே அவள்தான். "புதுப் பேரெல்லாம் தெருவுக்கு நாலு இருக்குங்க. நல்ல பழைய பேரா வைப்போம்" என்றாள். நாகராஜ் பூரித்துப்போய், "அப்ப எங்கம்மா பேரு. சுருளியம்மாள்" என்றான்.

"நல்லா இருக்கே! 'ஏ சுருளி, எந்திரிடி'ன்னு நான் பிள்ளைய வஞ்சா, அத்தை சும்மா இருப்பாகளா?"

நியாயமான கேள்விதான். மாமியார் பெயரை வாயால் சொல்லாத மருமகள், அந்தப் பெயர் வைத்த பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? "அப்ப உங்கம்மா பேரு, மரகதம்னு வைப்போம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி வைத்தான்.

சுருளியம்மாள் அன்று சாயங்காலமே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு மரகதம் மரகதம்னு சம்பந்திகாரிய நான் கூப்பிடணுமாக்கும்? எனக்குக் கஞ்சி வேணாம்."

"ரெண்டையும் சேத்து, சுருளி மரகதம்?"

கஞ்சி உள்ளே போனது. கம்பத்திலிருந்து போன் வந்தது. மாமியார் மரகதம். "மாப்ள, எம்பேரு என்ன வாலு மாதிரி பின்னால தொங்குது?"

மரகதச் சுருளி என்று திருப்பிப் போட்டான். கஞ்சி திரும்பி வந்தது.

"அம்மா, காதுல உம்பேரச் சொல்லிருவோம். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வேற பேரு குடுத்துக்கிருவோம்" என்று இறங்கி வந்தான்.

சுருளியம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏலே, அத்தைக்காரி காதுல மூணு தடவ சொன்னதுதான் பேரு. அதுக்குமேல எந்தச் சாமி வந்தாலும் மாத்த முடியாது. விளையாடுறியா?"

அத்தைக்காரி என்றால் நாகராஜின் அக்கா விஜி. அங்கன்வாடி டீச்சர். தம்பி வீட்டு விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்து, அரிசி புடைப்பதும் பந்தலுக்குச் சொல்வதுமாக அலைந்துகொண்டிருந்தாள்.

"எப்படிப்பட்ட பேருதான்டா வேணும்?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

"பழைய பேருக்கா. இப்ப யாரும் பிள்ளைக்கு வைக்காத பேரு. ரெண்டு அம்மா பேராவும் இருக்கக் கூடாது."

"அப்படின்னா ஒண்ணு இருக்கே..."

போன் அடித்தது. நாகராஜ் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு ஒரு யோசனை வந்தது. தேர்தல் வேலை பார்த்த அக்காவிடம் வாக்காளர் பட்டியல் இருந்தது. எழுபது வயது தாண்டிய பெண்களின் பெயர்களை மட்டும் எடுத்து, இரண்டு வீட்டுக்கும் போனில் வாசித்தான்.

"அழகுத்தாய்?"

"வாய்க்காத் தண்ணிய ராத்திரியோட ராத்திரியா தன் வயலுக்குத் திருப்புனவ" என்றாள் சுருளியம்மாள்.

"செல்லத்தாய்?"

"எங்க சின்னம்மா பேரு அது. உங்க கல்யாணத்துக்கு வராம மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவுக" என்றாள் மரகதம்.

"காத்தம்மாள்?"

"அந்தம்மாகிட்டத்தான் அடுத்த வாரம் வயலுக்குப் பாதை கேட்டுப் போகப்போறோம். அவ பேரச் சொல்லிப் பிள்ளைய வஞ்சா பாதைய விட மாட்டா" என்றாள் சுருளியம்மாள்.

நாற்பத்திரண்டு பெயர்கள் போயின. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கிழவி இடுப்பில் கைவைத்து நின்றாள். தொண்டை கட்டிப்போய், கடைசியில் வாசித்தான்: "அன்னமயில்."

அன்னமயிலை யாருக்கும் தெரியவில்லை. அன்னமயிலிடம் யாருக்கும் பகை இல்லை.

"அழகா இருக்குங்க! மயிலுன்னு கூப்பிடலாம்" என்றாள் வேல்விழி. அவள் குரலில் சந்தோஷத்தைக் கேட்டதும் நாகராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே ஓடிப்போய்ப் பத்தடி பிளெக்சுக்கும் கேக்குக்கும் சொல்லிவிட்டு வந்தான். அன்று மதியம் ஒரு மோட்டாரை எண்ணிக்கை தப்பாமல் முழுதாகக் கட்டி முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேல்விழி பிள்ளையோடு வந்து இறங்கினாள். பிள்ளை வீடு அதிர அழுதது. நாகராஜ் வாசல்படியில் உட்கார்ந்து காது குளிரக் கேட்டான்.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். விஜி புதுப்புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, வெற்றிலையால் மறைத்தபடி, பிள்ளையின் காதில் மூன்று தடவை முணுமுணுத்தாள். பிள்ளை அழுகையை நிறுத்தி அவளையே பார்த்தது.

"ஆச்சு! இனி எந்தச் சாமி வந்தாலும் மாத்த முடியாது" என்று சுருளியம்மாள் அறிவித்தாள்.

"அதெப்படி முடியும்? காதுல விழுந்தது விழுந்ததுதான்" என்றாள் மரகதம். மூன்று மாதத்தில் சம்பந்திகள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. நாகராஜ் தூணில் சாய்ந்து கண்ணை மூடினான்.

"மதினி, அன்னமயில்னு முழுசாச் சொன்னீகளா, மயிலுன்னு சுருக்கிட்டீகளா?" என்று கேட்டாள் வேல்விழி.

விஜி பிள்ளையின் சட்டையை நிதானமாக இழுத்துவிட்டாள்.

"விஜின்னு சொன்னேன். எங்க அங்கன்வாடில முப்பத்தோரு பிள்ளைக இருக்கு, ஒண்ணுக்குக்கூட அந்தப் பேரு இல்ல; யாரும் வைக்காத பழைய பேருன்னு ஊரெல்லாம் தேடுனீக, நான் ஒரு வாரமா இங்கனதான் நிக்கிறேன், ஒருத்தராவது திரும்பிப் பாத்தீகளா?"