மருது தொடக் கூடாத கேமரா

ஆயுத பூஜைக்கு ஐந்து நாள் இருக்கும்போது சிவபாண்டி ஒரு சபதம் எடுத்தான். மாமனாரின் பழைய ரோல் கேமராவை அவனே சுத்தம் செய்யப் போகிறான். அதில் மருதுவின் சுண்டுவிரல்கூடப் படக் கூடாது.

சிவபாண்டி ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் தலைமை எழுத்தர். ஆனையூரில் சொந்த வீடு. வாழ்க்கையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மருதுவைத் தவிர. மருது, மனைவி முத்துமீனாவின் அத்தை மகன். முறைப்பையன். வாடிப்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இவர்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்த புண்ணியவானும் அவனே. ஆல்பத்தில் முத்துமீனா ஒவ்வொரு படத்திலும் மகாலட்சுமி. சிவபாண்டி ஒவ்வொரு படத்திலும் கண்ணை மூடியிருந்தான். தாலி கட்டுகிற படத்தில் அவனுக்குத் தலையே இல்லை. ஒரு மனுஷன் தற்செயலாக இத்தனை தடவை கண் சிமிட்ட முடியாது என்பது அவன் கட்சி.

போதாததற்கு உறவுமுறை வேறு கழுத்தை அறுத்தது. மனைவிக்கு மச்சான் என்றால் இவனுக்கு அண்ணன் முறை. எதிரியை வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிட வேண்டும். முத்துமீனாவோ அவனை ‘மச்சான்’ என்பாள், கட்டின புருஷனை ‘ஏங்க’ என்பாள். பால்காரரையும் அவள் ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். இதை நினைத்தாலே சிவபாண்டிக்கு வயிறு எரியும்.

அன்றைக்கு அவள் அம்மா வீட்டிலிருந்து கேமராவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

“இந்த வருசம் அப்பா கேமராவையும் பூசையில வைக்கணுங்க. பாருங்க, எம்புட்டு அழுக்கு!”

லென்ஸின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. மாமனார் கடைசியாகக் கொண்டாடிய ஆயுத பூஜையில் வைத்த பொட்டு. மனுஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. பொட்டு போகவில்லை.

“மருது மச்சான் விசயதசமி லீவுக்குக் குடும்பத்தோட வருது. அதுட்ட குடுத்தா ஒரு நிமிசத்துல துடைச்சிரும்,” என்றாள் முத்துமீனா.

“எதுக்கு? எனக்குக் கை இல்லையா?”

“உங்களுக்குக் கேமராவப் பத்தி என்னங்க தெரியும்?”

“பைக்கையே பிரிச்சு மாட்டுனவன்டி நான்!”

“பிரிச்சது நீங்க. மாட்டுனது மெக்கானிக்கு.”

சிவபாண்டி நேராகச் சமையலறைக்குப் போய்ப் புளியும் விபூதியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வந்தான்.

“ஐயையோ! இதென்ன குத்துவிளக்கா?” என்று கேமராவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். “இருங்க, மச்சானக் கேட்டுட்டு வாரேன்.”

போனோடு உள்ளே போனாள். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, பாத்திரம் உருளுகிற சிரிப்பு. புருஷன் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. சிவபாண்டி கதவோரம் காதை வைத்துப் பார்த்தான். குக்கர் விசில் அடித்துக் காரியத்தைக் கெடுத்தது.

வெளியே வந்தவள் சொன்னாள்: “மொதல்ல உள்ள ரோல் இருக்கான்னு பாக்கணுமாம். மேல இருக்கிற திருகைச் சுத்துனா லூசா சுத்தணும். டைட்டா இருந்தா உள்ள ரோல் இருக்கு, பின்கதவைத் திறக்கக் கூடாதாம்.”

திருகு லூசாகச் சுற்றியது. சிவபாண்டி கதவைத் திறந்தான். உள்ளே தூசி. கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதப் போனான்.

“வாயால ஊதக் கூடாதாம்! எச்சி தெறிக்குமாம். ரப்பர் பந்து வச்சு ஊதணுமாம்.”

“அவன் ஊதுனா எச்சி தெறிக்காதாக்கும்!” என்று முனகிக்கொண்டே கடைக்குப் போய் ரப்பர் பந்து, மெல்லிய பிரஷ், பஞ்சு போன்ற துணி, லென்ஸ் மருந்து எல்லாம் வாங்கி வந்தான். வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தான்.

“நடுவுல கறுப்பா திரைச்சீலை மாதிரி இருக்குல்ல, அதைத் தொடவே கூடாதாம். தொட்டா கேமரா காலியாம்.”

“தெரியும்.”

“மருந்தை நேரா கண்ணாடியில ஊத்தக் கூடாதாம். துணியில ரெண்டு சொட்டு விடணுமாம்.”

“தெரியும்னு சொல்றேன்ல!”

“அப்பறம் ஏங்க பாட்டிலைக் கண்ணாடி மேல கவுத்துறீங்க?”

பொட்டைச் சுரண்ட அவன் நகத்தைக் கொண்டுபோனான். அதுவும் கூடாதாம். பந்தால் ஊதி, பிரஷால் தட்டி, ஈரத் துணியை ஒற்றி, ஊறவைத்து, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைக்க வேண்டுமாம். ஒவ்வொரு ‘மாம்’மும் மருதுவின் வாயிலிருந்து வந்ததாக நினைத்து நினைத்துத் துடைத்தான். பேட்டரி கசிந்து பச்சை பிடித்த இடத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டு எடுத்தான். ஆத்திரத்தில் இவ்வளவு பொறுமையாக வேலை பார்த்தவன் மதுரை ஜில்லாவில் அவன் ஒருவனாகத்தான் இருக்கும். மூன்று மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது.

“எப்பிடி?”

“நல்லாத்தான் இருக்கு,” என்று தலையை ஆட்டிவிட்டு முத்துமீனா மேலே பார்த்தாள். “மச்சான் வீட்டுல ஃபேன்கூட இப்பிடித்தான் பளபளன்னு இருக்குமாம்.”

அன்று மாலை நான்கு ஃபேனும் பளபளத்தன. மறுநாள், மச்சான் வருடா வருடம் பரணை ஒழிப்பது தெரியவந்தது. சிவபாண்டி லீவு போட்டுப் பரணில் ஏறினான். அதற்கு மறுநாள், மச்சான் தண்ணித் தொட்டிக்குள் தானே இறங்கித் தேய்ப்பாராம். சிவபாண்டி இறங்கினான். ஏறத்தான் பக்கத்து வீட்டுக்காரர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

பூஜையன்று காலையில் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றினான். பைக், மிக்ஸி, ஃபிரிட்ஜ், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். அதே வேகத்தில் கேமராவுக்கும் வைத்தான். லென்ஸின் நட்டநடுவில், விரல் பதிய.

“அடப் பாவி மனுசா! எங்கப்பா பண்ணுன அதே வேலையப் பண்ணிட்டீகளே! நாளைக்கு மச்சான் பாத்தா விழுந்து விழுந்து சிரிக்கும்.”

பூஜை முடிந்ததும் பந்து, பிரஷ், துணி, மருந்து. மறுபடியும் முதலிலிருந்து.

விஜயதசமியன்று மருது மனைவி தங்கப்பொண்ணுவோடு வந்து இறங்கினான். செருப்பைக் கழற்றும் முன்பே சிவபாண்டி கேமராவை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“பாருங்கண்ணே. நீங்க சொன்னதைவிட நல்லாத் துடைச்சிருக்கேன்.”

“நான் என்ன தம்பி சொன்னேன்?” என்று மருது விழித்தான். “எனக்கு டிஜிட்டல் கேமராதான் தெரியும். இதைத் திறக்கக்கூட வராது.”

சிவபாண்டி மனைவியைப் பார்த்தான்.

“எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது,” என்றாள் முத்துமீனா.

“அப்ப போனு?”

“அது தங்கப்பொண்ணு அக்காகூடப் பேசுனது.”

“உனக்கே தெரியும்னா நீயே துடைச்சிருக்கலாமே?”

“துடைச்சிருக்கலாம். பரணு, ஃபேனு, தண்ணித் தொட்டியெல்லாம் யாரு பாக்குறது?”

மருது மெதுவாக முன்னால் வந்தான். அவன் முகத்தில் அப்படியொரு வெறுப்பு. “தம்பி, உண்மையச் சொல்லுங்க. நீங்க தினமும் காலையில வாசத் தெளிச்சுக் கோலம் போடுறீகளா?”

“நானா? எனக்குப் புள்ளியே வைக்கத் தெரியாதுண்ணே.”

மருது இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். விரலெல்லாம் வெடிப்பு. “ஆறு மாசமா நான் போடுறேன் தம்பி. ‘எங்க கொழுந்தனாரு போடுறாரு, எங்க கொழுந்தனாரு போடுறாரு’ன்னு இவ என்னை வச்சு வாங்குறா. உங்களை நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்லை.”

பதினைந்து வருடத்தில் முதல் தடவையாகச் சிவபாண்டிக்கு அவன்மேல் பாசம் வந்தது. இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து கைகோத்துக்கொண்டார்கள். இனி எவன் பேரைச் சொன்னாலும் ஒரு துரும்பைக்கூடத் தூக்குவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். பெண்கள் இருவரும் மறுப்பே சொல்லாமல் கறியும் சோறும் பரிமாறினார்கள்.

சாப்பாடு முடிந்தது. தொட்டி நிறையப் பாத்திரம்.

“முத்துமீனா, நம்ம மேலூர் விக்ரம் இருக்கானே,” என்று தங்கப்பொண்ணு வெற்றிலையை மடித்தாள்.

“ஆமாக்கா. நம்ம ரெண்டு பேருக்குமே முறைப்பையன்தானே அவுக.”

“அவன் கறிச்சட்டியக் கழுவுனா அதுலயே முகம் பாத்துத் தலை சீவலாமாம்ல.”

கூடத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அப்புறம் அண்ணன் தேய்ப்பதா, தம்பி தேய்ப்பதா என்று தொட்டியடியில் ஒரே தள்ளுமுள்ளு.